மூப்பர் கெடுத்த புலம்பல்

கோயில் வளவில் அப்பா கை உயர்த்தியதை நான் என் கண்ணால் கண்டேன். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டுதான் வரும்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் கத்தோலிக்கக் கோயில் பெருநாளுக்கு, விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சி ஒருவரின் கூத்தைப் போடுவதாக முடிவெடுத்தார்கள். தொடக்கத்திலிருந்து மங்களம் வரைக்கும் பாட்டாலேயே ஆன பழைய கூத்து அது. ஆடுகிறவர்கள் எல்லாரும் வலைக்காரர்கள். உப்புக்குளத்துத் தையல்காரர் ஒருவர் மட்டும் அரசன். பெண் வேடங்களையும் ஆண்கள்தான் கட்டுவார்கள். நான் பூசையில் பாடுவதைக் கேட்ட அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர், அந்த வருடம் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வேதசாட்சியின்ரை தாய்க்கு இந்தப் பிள்ளையை விடுங்கோ. மகன்ரை தலையை மடியிலை வைச்சுப் புலம்பிற பாட்டு, ஆம்பிளைக் குரலிலை எனக்கு அலுத்துப்போச்சு" என்றார்.

அப்பா யோசிக்காமல் ஓம் என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மூன்று மாதம் பழகினோம். ஆர்மோனியக்காரர் என் குரலுக்கு ஏற்ற உயரத்தில் சுருதி வைத்தார். பிற்பாட்டுக்காரர்களும் கத்திக் கத்தி அந்த உயரத்துக்கு ஏறிவிட்டார்கள். மீன் வெட்டும்போதும் அந்தப் புலம்பல்தான், தண்ணீர் அள்ளும்போதும் அதுதான். "செத்த வீடெண்டு சனம் வரப்போகுது" என்று அம்மா ஏசுவார். ஏசட்டும். அதுவரை எனக்கென்று ஒன்றும் இருந்ததில்லை. இந்தப் பாட்டு என்னுடையது என்று நினைத்தேன்.

மேடையேற்றத்துக்குப் பத்து நாள் முன்னால் வெள்ளுடுப்பு. வேட அலங்காரம் ஒன்றுமில்லாமல், வெள்ளை உடுப்போடு ஊருக்கு முழுக் கூத்தையும் ஆடிக் காட்டுவதுதான் வெள்ளுடுப்பு. முடிந்ததும் யாரும் எழும்பிக் குறை சொல்லலாம், அது வழக்கம். நான் புலம்பி முடித்தபோது பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. மூப்பர் எழும்பினார். கோயில் காரியங்களில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"பாட்டிலை ஒரு குறையும் இல்லை. ஆனால் கலியாணம் கட்டவேண்டிய குமர்ப்பிள்ளை, இவ்வளவு ஆம்பிளையளுக்கு முன்னாலை நெஞ்சிலை அடிச்சு அழுகிறதோ? பெருநாளுக்கு வெளியூர்ச் சனமும் வரும்."

இதே ஆம்பிளைகள்தான் மூன்று மாதம் பக்கத்தில் நின்று என் பாட்டைக் கேட்டவர்கள். என் இடத்தில் ஓர் ஆணைப் போடச் சம்மதமானவர்கள் கையை உயர்த்துங்கோ என்றார் மூப்பர். அப்பாவின் கையும் உயர்ந்தது. அண்ணாவியார் மத்தளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதோடு விட்டார்களா? புதிதாகத் தாய் வேடம் கட்டப்போகிறவருக்கு நானே பாட்டைப் பழக்க வேண்டுமாம்! பக்கத்து வீட்டு அண்ணைதான் ஆள். தோணி கரைக்கு வந்ததும், உப்புத் தண்ணீர் காயாத இடுப்புச் சாரத்தோடு எங்கள் முற்றத்தில் வந்து குந்துவார். பாவம், ஒரு சொல் விடாமல் பாடமாக்கினார். தனக்கு வசதியாகக் கீழ்க்குரலில்தான் பாடினார். ஆர்மோனியம் கோயிலில் இருந்தது. பிற்பாட்டுக்காரர்கள் தங்களுக்கு எல்லாம் தெரியும் என்று பழக்கத்துக்கே வருவதில்லை. ஆளைத்தான் மாற்றினார்கள், சுருதியைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. எனக்கு அது இரண்டாம் நாளே விளங்கிவிட்டது. நான் சொல்லவில்லை. கேட்காதவர்களுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?

இலுப்பைக்கடவைப் பக்கத்துச் சனம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று கூத்தைப் பின்னேரமே தொடங்கினார்கள். புலம்பல் வந்தது. அண்ணை என் அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு, மகனின் தலையை மடியில் வைத்து வாயைத் திறந்தார். ஆர்மோனியம் என் சுருதியில் நின்றது. அந்த உயரத்தை எட்டப் பார்த்தார், குரல் கிழிந்தது. கீழே இறங்கினார், பிற்பாட்டுக்காரர்கள் மேலே நின்று பாடினார்கள். முதலில் பெடியள் சிரித்தார்கள், பிறகு எல்லாரும். மடியில் கிடந்த வேதசாட்சிக்கே வயிறு குலுங்கியது. அண்ணாவியார் பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். மத்தளத்தில் தொடக்கத்தை இன்னொருமுறை தட்டினார். இருந்த இடத்திலிருந்து நான் பாட்டில் ஓர் அடி எடுத்துக் கொடுத்திருந்தால் போதும். நான் கடலை கொறித்துக்கொண்டிருந்தேன்.

"நீ பாடியிருக்கலாம், பிள்ளை" என்றார் அப்பா, வீட்டுக்கு வரும் வழியில்.

"குமர்ப்பிள்ளை ஆம்பிளையளுக்கு முன்னாலை அழலாமோ, அப்பா?"

அவர் என்னை விட்டு முன்னால் நடந்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி விடியும் வரைக்கும்தான். காலையில் அண்ணை சேலையைத் தோய்த்து மடித்துக்கொண்டு வந்தார். கடற்கரைக்குப் போகவில்லையா என்று அம்மா கேட்டார். அங்கே சிரிக்கிறார்கள், நாளைக்குப் போவேன் என்றார். மூப்பரைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தும் சிரிக்கவில்லை. அண்ணை சேலையை என் கையில் தந்தார்.

"நீ வடிவாத்தான் சொல்லித் தந்தனீ, பிள்ளை. நான்தான் உன்ரை பாட்டைக் கெடுத்துப்போட்டன். மன்னிச்சுக்கொள்" என்றார்.

சுருதியைப் பற்றி நான் அப்போதும் சொல்லவில்லை.