காலிப் பாத்திரத்தோடு பன்னிரண்டு கிலோமீட்டர்

ராஜபாளையத்துக்கு நான் வந்தது மைத்துனன் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு. ஞாயிற்றுக்கிழமையோடு அது முடிந்துவிட்டது. திருச்சிக்குத் திரும்ப மாலையில்தான் பஸ். அதுவரை சும்மா இருப்பானேன், ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்க் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, கால் கிலோ நூறு ரூபாய் என்று கேள்விப்பட்ட பால்கோவாவையும் வாங்கி வரலாம் என்று திங்கட்கிழமை காலை செருப்பை மாட்டினேன்.

"எதுக்கு அத்தான் பஸ்ல நின்னுக்கிட்டு? எதுத்த வீட்டு ரூபி அக்கா ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போறாவ. ஆட்டோவுல ஒரு ஆளுக்கு எடம் இருக்கும்" என்றான் மைத்துனன்.

காலை பத்தரை. ரூபி அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். திங்கட்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறார். நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு உண்டு, துணைக்கு வந்தவர்களுக்குக் கிடையாது. வாசலில் நின்று கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டு ஏறினார். ஆட்டோ ஓட்டுகிற முருகேசன், நெற்றி நிறைய விபூதியோடு, ஒரு பெரிய குண்டானையும் சாம்பார் வாளியையும் ஒற்றைக் கையில் தூக்கி எங்கள் காலடியில் வைத்தார். பலசாலிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வேகத்தடையிலேயே குண்டான் துள்ளி என் முழங்காலில் இடித்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு பருக்கை இல்லை. தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம், என் முகம் தெரிந்தது.

"சோறு வேற வண்டியில வருதா அக்கா?"

"இல்ல தம்பி. இனிமேத்தான் வரணும்."

"எங்கேருந்து?"

"அது ஆண்டவருக்குத் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனைக்கும் நாற்பது பேர் தட்டோடு நிற்பார்கள் என்று அவர்தான் சொல்லியிருந்தார். விசாரிக்க விசாரிக்கத் தலை சுற்றியது. முதலில் அவரே சமைத்திருக்கிறார். கட்டுப்படியாகவில்லை. அதன் பிறகு இப்படி. திங்கள் பத்தரைக்குக் காலிப் பாத்திரத்தோடு கிளம்ப வேண்டியது, யாரிடமும் கேட்கக் கூடாது. யாராவது கையைக் காட்டி வண்டியை நிறுத்துவார்களாம். கல்யாண மண்டபத்தில் ஒரு நாள், பிறந்த நாள் வீட்டில் ஒரு நாள், மம்சாபுரத்துக்காரர் ஒருவர் மகன் பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று கோழிக்குழம்பே கிடைத்ததாம்.

"ஒரு போன் போட்டு நாலு பேர்கிட்ட சொன்னா போதாதா?"

"போதும் தம்பி. கேட்டா குடுப்பாவ. ஆனா பொறவு நான் போனைத்தான நம்புவேன்? ஆண்டவர்கிட்ட சொல்லியாச்சு. அதுக்கு மேல வேற யார்கிட்ட சொல்ல?"

"காலியாவே போய்ச் சேர்ந்ததுண்டா?"

"ரெண்டு வாட்டி. திட்டு வாங்கிட்டு வந்தோம்."

அதை அவர் மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னார். நான் எப்படிப்பட்டவன் என்று வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் ஒரு சிலிண்டர் எரியும்போது இன்னொன்று நிறைந்து நிற்கும். பன்னிரண்டு கிலோமீட்டர் போவதற்கு இரண்டு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தேன். இந்த அம்மாளோ நாற்பது பேர் பசிக்குப் பொறுப்பேற்றுக்கொண்டு கையை வீசிக்கொண்டு வருகிறார்.

பத்தே முக்கால். ஊர் எல்லையில் ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய். மூன்று பேருக்கும் நானே கொடுத்தேன். மார்கழி மாதம் என்பதால் சாலையோரத்துக் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. இடது பக்கம் மலை, அதன் மேல் இன்னும் கலையாத மேகம். தென்னந்தோப்புகளின் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சிதான், ஆனால் நான் அதையா பார்த்தேன்? ஒவ்வொரு வீட்டு வாசலையும் பார்த்தேன். அடுப்புப் புகை தெரிந்த பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பினேன்.

பதினொன்றேகால், மம்சாபுரத்துக்குப் பாதை பிரிகிற விலக்கு. வழக்கமாக யாராவது நிற்கிற இடமாம். செத்த நேரம் நிறுத்தினார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இறங்கிப் போய் மலையைப் போட்டோ எடுத்தேன். திரும்பி வந்தபோது எதிரே ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் மூச்சு வாங்க முருகேசனிடம் கேட்டார்:

"மடவார் வளாகத்துக்கு எம்புட்டு?"

சவாரி கேட்க வந்தவர். எங்களையும் குண்டானையும் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார். ரூபி அக்கா மட்டும் லேசாகச் சிரித்தார்.

பன்னிரண்டு மணி. ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரம் தெரிந்தது, நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் வரிசை நின்றது. தட்டு, தூக்குச்சட்டி, ஒருவர் கையில் பிளாஸ்டிக் டப்பா. ஆட்டோவைக் கண்டதும் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்தார்கள். எனக்கு இறங்கவே கால் வரவில்லை.

அக்கா இறங்கினார். குண்டானைத் தானே தூக்கிப்போய், மூடியை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி சாய்த்துப் பிடித்தார்.

"இன்னைக்கு ஒண்ணும் வரல. மன்னிச்சிருங்க."

முன்னால் நின்ற பெண் கூமாப்பட்டிக்காரர். தென்னை மரத்திலிருந்து விழுந்த கணவருக்குத் துணையாக இருக்கிறாராம். அவர் சத்தம் போடவில்லை.

"மொதல்லயே சொல்லிருந்தா காலையில வாங்குன இட்லியில ரெண்டு மிச்சம் வச்சிருப்பேன்லா? நீங்க உங்க சாமிய நம்பிக்கோங்க. நாங்க உங்களல்லா நம்பி நிக்கோம்."

ரூபி அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"உங்க வயித்த வச்சு நம்புங்க அக்கா. இவங்க வயித்த வச்சு நம்பாதீங்க."

"வாஸ்தவம் தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது.

யாரும் போய்விடாதீர்கள் என்று வரிசையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முருகேசனை இழுத்துக்கொண்டு ஹோட்டலைத் தேடிப் போனேன். அதிக தூரமில்லை, அடுத்த தெருதான். சாம்பார் சாதம் பார்சல் ஐம்பது ரூபாய். நாற்பது கட்டச் சொன்னேன். செல்போனில் பணம் அனுப்பி முடித்தபோது கல்லாக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு சின்ன வேலை அது.

கட்டி முடிக்கிறவரை வாசலில் நின்றோம். ஆத்திரம் அடங்காமல் சொன்னேன்: "உங்க அக்காவோட ஆண்டவர் இன்னைக்கு லீவு போலருக்கு."

முருகேசன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதிய? நீங்க வண்டியில ஏறுததுக்கு முன்னாடியே அக்கா சொன்னாவளே. 'முருகேசா, இன்னைக்குச் சோறு நம்ம வண்டியிலயே ஏறி உக்காரப் போகுது, வழியில ரொம்ப நிறுத்தாத'ன்னு. நீங்க டீக்குக் காசு குடுத்தப்போ என்னப் பாத்துச் சிரிச்சாவ. விலக்குல நீங்க போட்டோ எடுக்கப் போனீயள்லா, அப்பத்தான், 'நாந்தான் தப்பா நெனச்சுட்டேன் போலருக்கு'ன்னாவ."

ஒருவர் இருவர் அல்ல, வழியில் கண்ட அத்தனை பேரையும் சந்தேகப்பட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன், இவரா கொடுக்கப் போகிறார், அவரா என்று. குண்டானோ என் முழங்காலைத்தான் இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது என்று சொன்னால் போதாது. பயமாக இருந்தது.

பார்சல்களைக் கொண்டுபோய் இறக்கினோம். ரூபி அக்கா "ஸ்தோத்திரம்" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முதல் பார்சலைக் கூமாப்பட்டிப் பெண்ணிடம் கொடுத்தார். எனக்கு நன்றி சொல்லவில்லை. கடைசிப் பார்சல் முடிந்ததும் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா. அந்த அம்மா பேச்சு வாங்கியிருக்க வேண்டாமே."

"அவ கேட்டது நியாயந்தான தம்பி. பேச்சு வாங்குதது எம்பாடு."

"அடுத்த திங்கள்?"

"பத்தரைக்குக் கிளம்பிருவோம்."

இவ்வளவுக்குப் பிறகுமா என்று வாயைப் பிளந்தேன். அக்கா காலிக் குண்டானை மூடித் திரும்ப வண்டியில் வைத்தார்.

"அன்னைக்கு நீங்க இருக்க மாட்டிய. வேற யாராச்சும் ஏறுவாவ" என்றார்.

மாலை ஆறு மணி, ராஜபாளையத்திலிருந்து பஸ். பால்கோவா வாங்கவில்லை, அது ஞாபகத்துக்கே வரவில்லை. ஜன்னலோர இடம் கிடைத்தது. வண்டி கிளம்பும் நேரத்தில் ஒருவர் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். முன்பின் தெரியாத மனிதர்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிவிட்டு ஒரு இஞ்ச் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் சொன்னதை நம்பலாமா வேண்டாமா என்று மதுரை வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.