ஆடு கட்டியிருந்த ஆக்சில்

வாலிகண்டபுரத்தில் ஜாபர் பாயின் ஒர்க் ஷாப்பிலிருந்து நாங்கள் கிளம்பியபோது காலை ஏழு மணி இருக்கும். மார்கழிப் பனி நெடுஞ்சாலையை மூடியிருந்தது. பஸ்கள் முதலில் சத்தமாக வந்தன, பிறகு இரண்டு மஞ்சள் விளக்காக, கடைசியில்தான் பஸ்ஸாக. என் கையில் என்னைவிட ஒரு சாண் குட்டையான மூங்கில் குச்சி ஒன்று. அதன் நடுவில் இரண்டு இடத்தில் சிவப்புப் பெயிண்ட் கோடு.

"இந்த ரெண்டு கோட்டுலயும் ஸ்பிரிங் உக்கார்ற எடம் கரெக்டா வரணும் தங்கச்சி" என்றார் பாய். "அங்க கொஞ்சம் வெட்டிக்கலாம், இங்க வெல்டு வச்சுக்கலாம்னு எவன் சொன்னாலும் எடுத்துடாதீங்க. பல்லு எப்படி இருக்குன்னு சேகரு கைய வச்சே சொல்லிடுவாரு."

சேகர் என் கணவர். பாய்க்குப் பின்னால் பின்சக்கரம் இரண்டும் இல்லாமல், கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது எங்கள் பிக்கப். ஜீப்புக்கு இருப்பது போன்ற மூக்கு, பின்னால் மரப்பலகைத் தொட்டி, அறுபதுகளில் செய்த வண்டி. ஒரு செங்கல் சூளையில் மழையில் நனைந்துகொண்டிருந்ததை அவர் வாங்கி வந்து, பாயோடு சேர்ந்து உயிர் கொடுத்தார். போன மாதம் காரை என்ற ஊர்ப்பக்கத்து மண்சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது, பின்சக்கரங்களை இணைக்கிற ஆக்சில் வளைந்து, உள்ளே பல்சக்கரமும் உடைந்துவிட்டது. அந்த வயது வண்டிக்குப் புது ஆக்சில் எந்தக் கடையிலும் கிடைக்காது. பழையதைத் தேடித்தான் போகவேண்டும். அதற்கான அளவுதான் என் கையிலிருந்த குச்சி.

போவதற்கு அவசரம் எனக்குத்தான். சேகர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன், சாலையோரம் வருகிறவர்கள் திடீரென்று எதிரில் முளைப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார். திருச்சியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது என்றார். அன்றைக்கே அவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கிவிட்டார். இப்போது அவர் பார்ப்பது அடுப்பு ஊதும் குழல் வழியாகப் பார்ப்பது போல. அந்தக் குழலும் எத்தனை நாளைக்கு என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. நான் தையற்காரி. தையல் மிஷினைத் தவிர எதையும் மிதித்தறியாதவள், நாற்பத்து நான்கு வயதில் அந்தப் பிக்கப்பில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கொல்லிமலை, ஹம்பி, கோவா என்று மனதுக்குள் ஒரு வழி போட்டு வைத்திருந்தேன். குழல் அடைபடுவதற்குள் எவ்வளவு உலகத்தை அதில் நுழைத்துவிட முடியுமோ அவ்வளவையும் நுழைத்துவிட வேண்டும்.

பெரம்பலூரில் பஸ் மாறினோம். "என்னக்கா, குச்சிக்கும் சேத்து ரெண்டரை டிக்கெட்டா?" என்று கண்டக்டர் சிரித்தார். அரியலூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம். சேகருக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தேன். பனி விலகி மக்காச்சோளக் காடுகள் வந்தன, பருத்தி வெடித்த வயல்கள் வந்தன. திரும்பிப் பார்த்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அரியலூரில் எல்லாவற்றின்மேலும் ஒரு மெல்லிய வெள்ளை. சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய்ப் படிந்த தூசி அது. வேப்பிலைகூட மாவு பூசிக்கொண்டு நின்றது. பழைய இரும்புக்கடை ரயில் நிலையம் போகும் வழியில் இருந்தது. கடைக்காரர் ஒரு தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். கறுப்பு அடித்துப் பளபளவென்று ஓர் ஆக்சில். குச்சியை வைத்தேன். சிவப்புக் கோடுகள் ஜாக்கெட்டுக்கு எடுத்த அளவு போலப் பொருந்தின.

சேகர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எஞ்சினிலிருந்து வரும் தண்டு பூட்டுகிற கப்ளிங்கைக் கையால் சுற்றினார். கப்ளிங் எத்தனை சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று வருகிறது என்பதில்தான் ஆக்சிலின் குணம் இருக்கிறதாம். குறைவாக இருந்தால் ஓட்டம், அதிகமாக இருந்தால் இழுவை.

"நாலு" என்றார்.

"சும்மா எண்பதுல போலாம் சார். சத்தமே வராது" என்றார் கடைக்காரர்.

நான் கைப்பையைத் திறந்துவிட்டேன். சேகர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "போன்ல இன்னொன்னு இருக்குன்னீங்களே?" என்று கேட்டார்.

"அது ஆலத்தியூர்ல ஒரு காட்டுல கெடக்குங்க. குவாரியில ஓடுன ஜீப்போடது. இழுவைக்குத்தான் ஆவும். மாட்டுவண்டி மாதிரி போவும் சார். உங்களுக்கு எதுக்கு அது?"

"பாத்துட்டு வந்துடறோம்."

பக்கத்து டீக்கடையில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கையில நல்ல சாமான் இருக்கறப்ப எதுக்குங்க இன்னொன்னு? அம்பதுக்கு மேல போவாத வண்டிய வச்சுக்கிட்டு நாம எப்ப கோவா போய்ச் சேர்றது? எத்தன எடம் பாக்கணும்னு போட்டு வச்சிருக்கோம்!"

"நீ போட்டு வச்சிருக்க" என்றார் சேகர். குரலை உயர்த்தவில்லை.

என் டீ ஆறிப் போனது.

எந்த ஆக்சிலை எடுத்தாலும் ஏற்றிவர வண்டி வேண்டும் என்பதால், கடைக்காரரே ஒரு லோடு ஆட்டோவைப் பேசிவிட்டார். டிரைவர் முருகானந்தம், முப்பது வயதுக்காரர். பின்னால் ஐந்தாறு தவிட்டு மூட்டைகள். "முன்னாடி ரெண்டு பேரு உக்கார முடியாதுங்க. மூட்ட மேல உக்காந்துக்கிறீங்களா? மெதுவாத்தான் போவேன். வேகமாப் போன்னாலும் இது போவாது" என்றார்.

பதினொரு மணி வெயில் பனியின் ஈரத்தைத் தொட்டுக்கொண்டு இதமாக இருந்தது. தவிட்டு மூட்டை சூடாக, மெத்தையாக இருந்தது. வண்டி தூக்கத்தில் நடப்பது போல நடந்தது. சாலையின் ஒரு பாதியில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். அந்த மஞ்சளுக்குப் பக்கத்திலேயே வெகுநேரம் போய்க்கொண்டிருந்தோம். ஒரு திருப்பத்தில் லாரிகளுக்கு ஒதுங்கி நின்றபோது, வெட்டுண்ட கரையில் வெள்ளைச் சிப்பிகள் வரிவரியாகத் தெரிந்தன. "இங்கெல்லாம் ஒரு காலத்துல கடலா இருந்துச்சாம்ங்க" என்றார் முருகானந்தம், நேற்று தண்ணீர் வடிந்தது போல. மறுபடி வண்டி நகர்ந்தது. வானத்தின் வெள்ளையும் மண்ணின் வெள்ளையும் ஒன்றாகி, நாங்கள் அந்த வற்றிய கடலின் தரையில் மிதந்து போவதாக எனக்குத் தோன்றியது.

"மீன்கொத்தி" என்றார் சேகர்.

"எங்க?"

"கம்பியில. வாயில எதையோ வச்சிருக்கு. முழுங்கல இன்னும்."

பிறகு ஒரு கிணற்றடியில் நீலப் புடவை காய்வதைச் சொன்னார். சைக்கிளில் முருங்கைக்கட்டு எடுத்துப் போகிறவரைச் சொன்னார். அவர் தலை மெதுவாக ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, அது பின்னால் போகும் வரை கூடவே திரும்பியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து இப்படிக் கேட்கிறேன்.

"பஸ்ல வரப்ப தூங்கிட்டீங்களே?" என்றேன்.

"தூங்கல வாசுகி. பஸ்ல எல்லாம் ஓடிப் போயிடுது. மரம்னு தேடிப் புடிக்கறதுக்குள்ள மரம் போயிடுது. சரி, அடுத்தது என்னன்னு தேடறேன், அதுவும் போயிடுது. தலை சுத்துது. அதான் மூடிக்கறது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ ஆசையா ஜன்னல் சீட்ட குடுக்கற. எப்படிச் சொல்றது?"

நான் மூட்டையின் தையலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்பது வேகத்தில், ஹம்பியும் கோவாவும் மூடிய இமைக்கு வெளியே ஓடிப் போவதை என்னால் பார்க்க முடிந்தது.

ஆலத்தியூரில் சிமெண்டு ஆலையின் புகைபோக்கியைத் தாண்டி ஒரு கடலைக்காட்டு ஓரத்தில் வீடு. வீட்டுக்காரி பவுனு, என் வயதுதான் இருக்கும். அவள் கணவர் குவாரிக்கு வேலைக்குப் போயிருந்தார். ஆக்சில் புங்கமரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்தது. அதில் ஒரு கிடா ஆடு கட்டியிருந்தது.

"அவரு போன்ல சொன்னாரு, நீங்க வருவீங்கன்னு. எடுத்துக்கிட்டுப் போங்க, வேணாங்கல. ஆனா ஆட்ட எங்க கட்டறது?" என்றாள் பவுனு.

"வேற மொளை அடிச்சுக்கலாமேம்மா" என்றார் முருகானந்தம்.

"எத்தன மொளைய புடுங்கிட்டு என் கடலைய மேஞ்சிருக்கு தெரியுமா? இது ஒண்ணுதான் அசையல."

சிரித்துவிட்டேன். காலையிலிருந்து முதல் சிரிப்பு. குச்சியை வைத்தேன். ஒட்டியிருந்த மண்ணை வழித்துத் துடைத்தபின் கோடுகள் இங்கேயும் சரியாக உட்கார்ந்தன. சேகர் கப்ளிங்கைப் பிடித்தார். முதலில் அசையவில்லை. பவுனு மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு முனகலோடு சுற்றியது. பிறகு முனகலும் நின்றது. உள்ளே பல்லும் பல்லும் கவ்வுவதை அவர் உள்ளங்கையால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அஞ்சரை. பல்லு முழுசா இருக்கு" என்றார். எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பினார். "சரி, பாத்தாச்சு. நாம அரியலூர்லயே எடுத்துக்கலாம் வாசுகி. ஓட்டப் போறது நீதானே. உனக்கும் நாலு எடம் போவணும்னு இருக்கும்ல."

"இதையே எடுத்துக்கலாங்க."

"கோவா?"

"போனாப் போறோம், போவாட்டி போவுது. எனக்குப் பயம், அதான் அவசரப்பட்டேன்." பவுனு ஆட்டைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சேகர் என் முகத்தைத் தேடினார். கிடைத்ததும் அதிலிருந்து கண்ணை எடுக்காமல் நெடுநேரம் நின்றார்.

ஒரு மணி வாக்கில் பக்கத்துக் காட்டிலிருந்து மூன்று ஆள் வந்து ஆக்சிலைத் தூக்கி ஏற்றினார்கள். வேலியோரம் கிடந்த லாரியின் உடைந்த ஸ்பிரிங் பட்டை ஒன்றை முருகானந்தம் சம்மட்டியால் பூமிக்குள் பாதிக்குமேல் இறக்கினார். பவுனு ஆட்டை அதில் கட்டி, இழுத்துப் பார்த்து, திருப்தியாகி, எங்களுக்கு ஒரு பை நிறையப் பச்சைக் கடலை கொடுத்தாள். "வண்டி ரெடியானா இந்தப் பக்கம் வாங்க" என்றாள்.

சாயங்காலம் ஒர்க் ஷாப்பில் ஜாபர் பாய் ஆக்சிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல இரும்பு. ஆனா ஓட்டம் இருக்காதே தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். "வேணாம் பாய்" என்றேன். "மாஷா அல்லாஹ்" என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டார்.

தை பிறந்த பிறகுதான் வண்டி தரையில் இறங்கியது. முதல் பயணமாக ஆலத்தியூருக்கே கிளம்பினோம். வேறு எங்கே போவதென்று எங்களுக்குத் தோன்றவில்லை. வண்டி அடிக்குரலில் முனகிக்கொண்டு நாற்பதைத் தொட்டது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டின. ஓட்டுகிறவளுக்கு ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்க வாய்ப்பதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இடப்பக்கம் ஏதோ ஏரி என்று ஓரக்கண்ணில் ஒரு பளபளப்பு மட்டும்.

"என்னங்க தெரியுது?" என்று கேட்டேன்.

"ஏரியில தண்ணி இருக்கு. ஒரு ஆளு இடுப்பளவு தண்ணியில நின்னு சோப்புப் போடறாரு. தலைக்கும் போட்டுட்டாரு. கண்ண மூடிக்கிட்டு நிக்கறாரு."

எதிரே ஒரு பஸ் வந்தது. அதற்கு வழி விட்டு, மறுபடி சாலைக்கு வந்தேன்.

"முங்கிட்டாரா?"

"இன்னும் இல்ல. மூக்கப் புடிச்சுட்டாரு."

வண்டி போய்க்கொண்டே இருந்தது. சேகரின் தலை மெதுவாகப் பின்னால் திரும்பிக்கொண்டிருந்தது.

"முங்கிட்டாரு" என்றார்.