ஸ்கோப்பில் ஒரு சிவப்புக் கோடு

போன சனிக்கிழமை பிரியாணி சாப்பிடலாம் என்று நண்பர் அருளைக் கூப்பிடப் போனேன். பிரியாணி ஆறிப்போனது. காரணம், ஒருவருடைய புருவம்.

அருள் குளச்சல்காரர். அபுதாபியில், லைசென்ஸ் உள்ள உள்ளூர்க்காரர்களுக்கு ரைஃபிள் விற்கும் கடையில் டெக்னீஷியன். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்... ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டிய ரகம். அதன் மேல் ஸ்கோப்பை, குறிபார்க்கும் தொலைநோக்கியை, பொருத்துவது அவர் வேலை. பதினோரு வருடமாகப் பொருத்துகிறார். ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை.

நான் போனபோது கடைக்குள் ஒரு வாடிக்கையாளர். கந்தூரா என்ற அரபு அங்கி வெள்ளை. வலது புருவத்தில் பிளாஸ்திரியும் வெள்ளை.

"ஸ்கோப் மாஃபி ஸெய்ன்!" என்று ரைஃபிளை கவுன்ட்டரில் வைத்தார். சரியில்லையாம். முந்தின நாள் சுடும் பயிற்சி ரேஞ்சில் முதல் குண்டு. துப்பாக்கி பின்னுக்கு உதைத்ததில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிட்டது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. இரண்டு வாரம் முன்பு இவர் கேட்டது கடையிலேயே பெரிய ஸ்கோப். அருள்தான் தடுத்தார். லென்ஸ் பெரிதானால் ஸ்கோப்பை உயரத்தில் பொருத்த வேண்டும். கன்னம் துப்பாக்கிக் கட்டையில் சாயாது. நடுத்தரம் போதும் என்றார். அது விலையும் குறைவு. விற்கிறவன் விலை குறைந்ததைச் சிபாரிசு செய்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"சஸ்தா மால், மலிவுச் சரக்கை என் தலையில் கட்டினான். துப்பாக்கி உதைத்ததும் ஸ்கோப் பின்னால் நழுவிவிட்டது" என்றார் வாடிக்கையாளர்.

கடை முதலாளி உள்ளறையிலிருந்து வந்தார். அருளின் கஃபீலும், அதாவது விசா கொடுத்த ஸ்பான்சரும், அவர்தான். "அருள், தப்பு உன் கையில் என்றால் கலாஸ்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கலாஸ் என்றால் விசா கேன்சல். அருளின் மகள் இங்கே பத்தாம் வகுப்பு.

அருள் அசரவில்லை. "எவனோ ஸ்க்ரூவத் தொட்டுருக்கான் பாருங்கண்ணே" என்றார் என்னிடம். பிறகு அதையே கடை இந்தியில் முதலாளியிடம் சொன்னார். கூடவே தன் ரகசியத்தையும் சொன்னார்: வேலை முடிந்ததும் ஸ்க்ரூ, வளையம், ஸ்கோப் குழாய் மூன்றையும் சேர்த்து மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று போடுவார். யாராவது திருகினாலும் நழுவினாலும் கோடு உடைந்துவிடும். "பத்து நிமிஷம் தாங்க. லென்ஸ் வச்சுக் காட்டுகேன்."

கோடு போடுவது மனைவியின் நெயில் பாலிஷால். அவர் நர்ஸ், டூட்டியில் போடக் கூடாது. பாட்டில் இங்கே டூட்டி பார்க்கிறது.

பின்னறைக்கு நானும் போனேன். முதலாளியும் வாடிக்கையாளரும் வெளியே காவா, அரபுக் காப்பி, குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அருள் பூதக்கண்ணாடி லென்ஸைக் கண்ணில் வைத்தார். முதல் ஸ்க்ரூ. இரண்டாவது. கடைசி ஸ்க்ரூவுக்கு வந்தபோது அவர் கழுத்து வியர்த்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எந்தக் கோடும் உடையவில்லை.

யாரும் தொடவில்லை. எதுவும் நழுவவில்லை. அப்படியானால்? வைத்தவரே தப்பாக வைத்திருக்கிறார்.

"நான் அளந்துதான வச்சேன்... கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நாலு விரக்கட. அவர அந்தக் கவுன்ட்டர் முன்னால நிறுத்தியே பாத்தேன்."

அவருடைய வலது கை மேசைக்கு அடியில் போனது. அங்கே தின்னர் பாட்டில் இருப்பது எனக்குத் தெரியும். ஒரு துளி பஞ்சில் நனைத்துத் துடைத்தால் கோடு போய்விடும். 'எவனோ தொட்டான்' என்பது நிஜமாகிவிடும். சாட்சி நான் ஒருவன். பிரியாணிக்கு வந்தவன்.

கை வெறுமையாகத் திரும்பி வந்தது.

அருள் வெளியே போய் வாடிக்கையாளரிடம் ஒன்று கேட்டார்: "ரேஞ்சில் எப்படிச் சுட்டீங்க? நின்னா?"

"படுத்து" என்றார் அவர், இது என்ன கேள்வி என்பதுபோல.

"படுத்துக் காட்ட முடியுமா?"

காலியான ரைஃபிளோடு அந்த மனிதர் கார்ப்பெட்டில் குப்புறப் படுத்தார். படுத்ததும் தலை தானாக முன்னே நகர்ந்தது. அருள் விரல் வைத்துப் பார்த்தார். நாலு விரற்கடை இரண்டாகியிருந்தது.

"கல்தி மேரா ஹை" என்றார் முதலாளியிடம். தப்பு என்னுடையதுதான். "கோடு அப்படியே இருக்கு. நான் இவரை நிற்கவச்சு மட்டும் அளந்துட்டேன்."

முதலாளி லென்ஸை வாங்கிக் கோடுகளைப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். "இனிமேல் எல்லாரையும் படுக்க வை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தரையிலிருந்து எழுந்த வாடிக்கையாளர், "யல்லா, சரி, ஸ்கோப்பை முன்னால் தள்ளி வை" என்றார். சிரித்தார், தையல் இழுத்தது, நிறுத்திக்கொண்டார்.

அருள் கை கழுவப் போனார். மனசு கேட்கவில்லை... நான் பின்னறைக்குப் போய் மேசைக்கு அடியில் அந்தத் தின்னர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தேன். மூடி அரைச் சுற்று திறந்திருந்தது.

இறுக்கி மூடிவிட்டு வந்தேன்.