உத்தரவு வந்தால் திறப்போம்

நேற்று நன்னிலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஒர்க் ஷாப்பிலிருந்து கிரீஸ் வாசனை வந்தது. என் பஸ் வந்து போய்விட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

நான் மதகு லஸ்கராக இருந்தவன். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் இரும்புச் சாவி போட்டுத் திருகி ஷட்டரை ஏற்றி இறக்குகிற வேலை. கிரீஸ் கையை விட்டுப் போகாது. என் கல்யாண போட்டோவிலும் நகக்கண் கறுப்பாகத்தான் இருக்கும். சந்தனம் பூசியும் பயனில்லை.

எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. கலியபெருமாள் அண்ணன் செயலாளர். எந்தக் கழகம் ஆட்சிக்கு வந்தாலும் மந்திரிக்கு மாலை போட்டு மனுக் கொடுப்பார். மனு ஒன்றுதான்: தற்காலிக லஸ்கர்களை நிரந்தரமாக்க வேண்டும். மேலே மந்திரி பெயர் மட்டும் மாறும். அந்தப் பட்டியலில் என் மச்சான் தங்கராசுவும் இருந்தான். அடுத்த மதகில் பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகம்.

அப்போதுதான் வாய்க்கால்களைச் சீர்செய்யக் கடன் கொடுக்கிற வெளிநாட்டு பாங்கிலிருந்து ஒரு குழு வந்தது. ஆள் வேண்டும் என்று அவர்கள் ஒரு வரி எழுதிவிட்டால் சர்க்கார் தட்டாது என்பது அண்ணன் நம்பிக்கை. இங்கிலீஷில் மனு அடித்துக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் வெள்ளைச் சட்டையில வாங்கடா. யாரும் வாயத் தொறக்கக் கூடாது. நான் பேசிக்கிறேன்."

"எங்கிட்ட ஏதுண்ணே வெள்ளைச் சட்டை? எல்லாம் கிரீஸ்ல முக்கி எடுத்ததுதான்" என்றான் தங்கராசு.

"அப்ப நீ வராத."

யாருக்காக மனுவோ, அவனே வரவில்லை.

குழு என் மதகுக்கு வந்தது. வெள்ளைக்கார அம்மா ஒருவர், பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு சென்னைக்காரர், எங்கள் பெரிய இன்ஜினியர். அம்மா மனுவை வாங்கிக்கொண்டு ஷட்டரைக் காட்டி ஏதோ கேட்டார்.

"எவ்வளவு தண்ணி விடணும்னு யார் முடிவு பண்றாங்கன்னு கேக்குறாங்க" என்றார் சென்னைக்காரர்.

அண்ணன் ஷட்டர் சாவியைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. என்னைப் பார்த்தார்.

முடிவு செய்தது நான்தான். அந்த வருஷம் குத்தகைத் தகராறு. நாற்றங்கால் காய்ந்தால் குத்தகைக்காரர்கள் தானாக நிலத்தை விட்டுப் போவார்கள் என்று, மிராசுதார் தண்ணீரை நிறுத்தச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வாங்கியிருந்தார். வாய் உத்தரவு, காகிதம் இல்லை. நான் ஷட்டரை முழுக்க இறக்காமல் நாலு விரற்கடை விட்டேன். கேட்டால் அடியில் கட்டை சிக்கியிருக்கிறது என்று சொல்வேன். தங்கராசு மதகிலும் அதே கட்டை சிக்கியிருந்தது. சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும். இன்ஜினியர் எதிரே நிற்கிறார்.

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

"உத்தரவு வந்தா தொறப்போம்ங்க. உத்தரவு வந்தா மூடுவோம்ங்க."

இன்ஜினியர் தலையாட்டினார். அம்மா எழுதிக்கொண்டார்.

சில மாதம் கழித்து அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். "சொன்னபடி சாவியத் திருப்புறதுக்கு இத்தன ஆள் எதுக்குன்னு எழுதிட்டாங்கடா. மோட்டார் போதுமாம்."

பட்டியல் அத்தோடு செத்தது.

தங்கராசுவிடம் நானே போய்ச் சொன்னேன். சாவிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"நான் நின்னிருந்தாலும் அதத்தான் மச்சான் சொல்லியிருப்பேன்" என்றான். பிறகு, "நாத்து பொழச்சுதுல்ல, விடு."

அடுத்த மாதம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். அங்கேயே இருந்துவிட்டான்.

நான் ரிடையர் ஆனபின் என் இடத்துக்கு ஆள் போடவில்லை. மோட்டார் பெட்டி துருப்பிடித்துக் கிடக்கிறது. முன்பு தண்ணீர் வராவிட்டால் கடைமடைக்காரர்கள், "டேய் லஸ்கரு, செத்துட்டியா?" என்று தூரத்திலேயே கத்திக்கொண்டு வருவார்கள். நானும் பதிலுக்குத் திட்டிக்கொண்டே சாவியை எடுப்பேன்.

இப்போதும் வருகிறார்கள். மதகு மேல் ஏறி நிற்கிறார்கள். திட்ட ஆள் இல்லாமல் இறங்கிப் போகிறார்கள்.