வான்கோழிக்குக் காவல் நின்ற கோடை

எங்கள் தோட்டத்தில் காட்டு வான்கோழி முட்டையிட்டதற்கு முழுக் காரணமும் என்னுடைய சோம்பல்தான். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். ஜேர்மனியில், கொலோன் நகருக்குத் தெற்கே, காட்டை ஒட்டிய அந்தக் குத்தகைத் தோட்டங்களில் எல்லோரும் புல்லைச் சவரம் செய்த கன்னம்போல வைத்திருப்பார்கள். என் துண்டில் மட்டும் பின்வேலியோரம் இடுப்பளவு புல்லும் தொட்டால் சொறியும் காஞ்சோண்டியும் முட்பற்றையும். தோட்டச் சங்கத் தலைவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். நானும் அவருக்குத் துணையாக ஒரு பெருமூச்சு விட்டு, அடுத்த சனிக்கிழமை வெட்டுகிறேன் என்பேன். அது எந்தச் சனிக்கிழமை என்று அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இது இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. தோட்டத்தை எடுத்தது என் ஆசைக்குத்தான். நாள் முழுக்கப் பொதி பிரிக்கும் வேலை எனக்கு. பெட்டிகளையே பார்த்து அலுத்த கண்ணுக்கு நாலு கத்தரிச் செடியாவது வேண்டும் என்று மனைவியிடம் பெரிதாகப் பேசி எடுத்தேன். கத்தரி பூத்ததோடு நின்றது. மிளகாய் குளிரில் செத்தது. முருங்கை விதை போட்ட இடத்தில் முளைத்தது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் ஊரில் தோட்டம் செய்த ஆட்கள் என்று இங்கே எல்லோரிடமும் அளந்து வைத்திருந்தேன். செய்தது என் அண்ணன்மார். நான் மதியச் சாப்பாடு கொண்டுபோனவன்.

மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. தோட்டப் பக்கம் அவள் வருவதே இல்லை. அந்த வசந்தத்தில்தான் வரத் தொடங்கினாள். மூத்தவன் ஏற்கெனவே ஹம்பேர்க்கில். கடைசி மகளும் அவுஸ்பில்டுங் கிடைத்து, தொழில் பழக ஸ்டுட்கார்ட்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்தான் மிச்சம். அதைப் பற்றி மனைவி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் மகளுக்குப் பிடித்த செர்ரி யோகட்டைக் கிழமைக்குக் கிழமை வாங்கிக் குளிர்பெட்டியில் அடுக்கினாள். பழுதாகிவிடுமே என்று நான் தின்றேன். அந்தப் பிரிவுத் துயரில் எனக்குத் தொப்பை வைத்தது.

பறவையை முதலில் கண்டது அவள்தான். ஒரு பின்னேரம் முட்பற்றைப் பக்கம் போனவள் சட்டென்று நின்று, திரும்பாமலே பின்னுக்கு நடந்து என்னிடம் வந்தாள்.

"இஞ்சாருங்கோ, அங்கை ஒரு கோழி அடை கிடக்குது. ஆனால் கோழி இல்லை."

"கோழி இல்லாட்டி என்னெண்டு கோழி எண்டு சொல்லுறீர்?" என்று சிரித்துக்கொண்டு போனேன். போனவன் சிரிப்பை நிறுத்தினேன். காய்ந்த இலை நிறத்தில் ஒரு பெரிய உடம்பு புல்லோடு புல்லாகக் கிடந்தது. நீண்ட கழுத்தைத் தரையோடு பதித்திருந்தது. கண் மட்டும் என்னையே பார்த்தது.

பக்கத்துத் தோட்டத்து ஜேர்மன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஓய்வுபெற்றவர், அதிகம் பேசமாட்டார். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். காட்டு வான்கோழி, என்றார். முன்னொரு காலத்தில் வேட்டைக்காரர் யாரோ கொண்டுவந்து இந்தக் காட்டில் விட்டார்களாம், அந்த வம்சத்தில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறதாம். புல்லைத் தொடக்கூடாது, கிட்டப் போகக்கூடாது, யாருக்கும் சொல்லக்கூடாது என்று மூன்று கட்டளை போட்டார். முதலாவதை நான் நீண்டகாலமாகவே கடைப்பிடித்து வந்தேன். மற்ற இரண்டும்தான் சிக்கல்.

அன்றிலிருந்து மனைவி வேலை முடிந்ததும் நேரே தோட்டத்துக்கு வருவாள். தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் குந்திக்கொண்டு தூரத்திலிருந்தே பார்ப்பாள்.

"குஞ்செல்லாம் தப்புமோ?" என்று என்னைக் கேட்டாள்.

"ஏன் தப்பாது? நான் இருக்கிறன்தானே," என்றேன்.

அவள் பற்றையைப் பார்த்தாள். அவளுக்கு இது பொழுதுபோக்கு இல்லை, அந்தக் குஞ்சுகள் தப்பியே ஆகவேண்டும் என்று எனக்கு விளங்கியது. விளங்கியபடியால்தான் நான் உதவி செய்யக் கிளம்பினேன்.

முதலில் வாய். நான் யாருக்கும் சொல்லவில்லை, எங்கள் தமிழ்க் கடைக்காரரைத் தவிர. அவரிடம் சொன்னால் கொலோனுக்கே சொன்ன மாதிரி என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் என் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ள ஒரு விசயம் வந்திருக்கிறது, அதை எப்படி வைத்துக்கொண்டிருப்பது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு காரில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் சனம் டெர்மின் எடுத்து, நேரம் குறித்துப் போவது டொக்டரிடம் மட்டும்தான். கையில் வடைப் பொதி, தேத்தண்ணிப் போத்தல், கமெரா.

"அண்ணை, கிறிஸ்மசுக்குக் கறிக்கு ஆயத்தமோ?" என்று கேட்டார் ஒருவர்.

"என்ன பெரிய பறவை, அம்மாடி!" என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் அதைப் பெற்று வளர்த்தவன்போல நின்றேன். மனைவி வாளியிலிருந்து எழும்பவே இல்லை, வந்தவர்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டு வரலாற்றில் அப்படி நடந்ததில்லை.

அடுத்தது சோறு. அடை கிடக்கிற பறவை இரை தேட எழும்பினால் முட்டை குளிர்ந்துவிடுமே என்று, பற்றைக்குக் கிட்ட அரிசியும் பயறும் தூவிவிட்டேன். நல்ல சம்பா அரிசி. வான்கோழி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. காகங்கள் பார்த்தன. வால் நீண்ட கறுப்பு வெள்ளை எல்ஸ்டர்களும் பார்த்தன. முட்டை என்றால் உயிரை விடுகிற அந்தத் திருட்டுப் பறவைகளுக்கு நானே அழைப்பு அனுப்பி, வாசலில் பந்தியும் போட்டிருந்தேன். இரண்டு நாளில் வேலி முழுக்க அவை வரிசையாக இருந்து கூட்டை எட்டிப் பார்த்தன.

அதற்கு மருந்தாக நான் கண்டுபிடித்ததுதான் வெருளி. காகமும் ஓடும், ஞாயிற்றுக்கிழமைச் சனம் போட்ட கண்ணூறும் கழியும், ஒரே செலவில் இரண்டு வேலை. மனைவி வேலையில் இருந்த நேரம் பார்த்துக் கட்டினேன். அடிப்பிடித்த பழைய பானை தலை. கரி பூசினேன். வெள்ளைப் பொட்டு வைக்கச் சுண்ணாம்புக்கு எங்கே போவது, பற்பசையால் வைத்தேன். உடம்புக்கு என் பழைய வேலை ஜக்கெட். இருட்டில் மினுங்குகிற பட்டி போட்டது. உள்ளே வைக்கோல். வயிற்றுப் பக்கம் வைக்கோல் கொஞ்சம் கூடிவிட்டது. முட்பற்றைக்கு முன்னால் ஊன்றிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். அப்படியே நான்தான், பல் விளக்கிய வாசத்தோடு.

காகங்கள் போய்விட்டன. பெருமை தாங்க முடியவில்லை. மனைவி வந்ததும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவள் வெருளியைப் பார்க்கவில்லை. வேலிக்கு அங்கால், காட்டோரத்தைப் பார்த்தாள். அங்கே வான்கோழி நின்றது. இரண்டு அடி கிட்ட வரும், கழுத்தை நீட்டும், காற்றில் ஜக்கெட்டின் கை ஆடும், திரும்ப ஓடும். எவ்வளவு நேரமாக அப்படி அலைந்ததோ தெரியாது. இரை தேடப் போன பறவை முட்டைக்குத் திரும்பி வர வழியில்லாமல் நின்றது. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

"ஆரைக் கலைக்க இதைக் கட்டினனீங்கள்?" என்று கேட்டாள்.

"காகத்தை."

"அவள் தன்ரை பிள்ளையளிட்டைப் போக ஏலாமல் நிக்கிறாள். உங்களுக்குக் காகம்."

பறவையை 'அவள்' என்று சொன்னதை நான் அப்போதுதான் கவனித்தேன். என்னை நினைத்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஓடிப்போய் வெருளியைப் பிடுங்கினேன். பானை கழன்று என் காலில் விழுந்தது. கத்தவேண்டியவன், உதட்டைக் கடித்துக்கொண்டு, என்னை நானே தோளில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தேன். பக்கத்துத் தோட்டத்து அம்மா தன் தோட்டக் குடிலின் ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்ப மூடினார்.

வாளிக்குப் பக்கத்தில் இருவரும் காத்திருந்தோம். மழைத் துமி விழத் தொடங்கியபோது பறவை வேலியின் கீழால் நுழைந்து, நின்று, நின்று, பற்றைக்குள் போய் அமர்ந்தது. மனைவி மூச்சு விட்டாள். அதற்குப் பிறகு அரிசி தூவும் உரிமையும் கதை சொல்லும் உரிமையும் என்னிடமிருந்து பறிக்கப்பட்டன. கடைக்காரர் விசாரித்தபோது, ஓம் அண்ணை, எல்லாம் சுகம் என்று மட்டும் சொன்னேன். எனக்கு ஏதும் வருத்தமோ காய்ச்சலோ என்று அவர் பயந்தார்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் பற்றை வெறுமையாகக் கிடந்தது. உடைந்த முட்டைக் கோதுகள் மட்டும். வேலிக்கு அங்கால் தாய் நடக்க, மஞ்சளும் மண்ணிறமுமாகப் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் பின்னால் உருண்டுகொண்டு போயின. மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. கடைசி வரையும் என் உதவி இல்லாமலே பொரித்துவிட்டது என்பதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் மனக்குறை இருந்தது.

பிறகு வந்தது குளிர். ஜூன் நடுவில் வருகிற இந்தக் குளிரை ஜேர்மன்காரர் செம்மறிக் குளிர் என்பார்கள். மயிர் கத்தரித்த ஆடுகள் நடுங்குகிற காலமாம். மழை விடாமல் பெய்தது. இந்த வயதுக் குஞ்சுகளுக்குப் பறக்கத் தெரியாது, தரையில்தான் தாயின் செட்டைக்குள் படுக்கும், நனைந்து விறைத்தால் முடிந்தது என்று பக்கத்துத் தோட்டத்து அம்மா சொன்னார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாது என்பதுபோல என் மனைவியின் தோளைத் தடவினார். வீட்டில் மனைவி ஜன்னலருகே நின்று மழையைப் பார்த்தாள். ஹீட்டரைப் போட்டுவிட்டு, திரும்பப் போய் நிறுத்தினாள். குஞ்சுகள் நனையும்போது தான் சூட்டில் இருக்க அவளுக்கு மனம் வரவில்லை. நான் போர்த்துக்கொண்டு படுத்தேன். எனக்கும் நித்திரை வரவில்லை. ஆறுதல் சொல்ல வாயெடுத்தால் ஏதாவது பிழையாக வரும் என்று பயந்து சும்மா கிடந்தேன்.

மழை விட்ட பிறகு தினமும் போனோம். ஒன்றையும் காணவில்லை. ஜூலை பிறந்தது. மனைவி வாளியில் இருப்பதை விட்டுவிட்டு, தலையைக் குனிந்து களை பிடுங்கத் தொடங்கினாள். அவள் கை பட்டதால் கத்தரி காய்த்ததுகூட எனக்குச் சந்தோசமாக இல்லை.

ஒரு பின்னேரம் நாங்கள் கத்தரிப் பாத்தியில் நின்றபோது வேலியோரப் புல் அசைந்தது. தாய் வெளியே வந்தது. அதற்குப் பின்னால் ஒன்று. இன்னொன்று. கொஞ்சம் பிந்தி மூன்றாவது. முழங்கால் உயரம், கழுத்து நீண்டு, பார்க்கச் சகிக்காத வயது. வெட்டாத புல்லுக்குள் வெட்டுக்கிளி பிடித்துத் தின்றுகொண்டு எங்களைத் தாண்டி நடந்தன. நாலாவது வருமென்று பார்த்தேன். வரவில்லை.

மனைவி என் கையைப் பிடித்தாள். கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் வெளியிடத்தில் அவள் என் கையைப் பிடித்ததில்லை; எங்கள் ஆட்கள் அப்படிப் பிடிப்பதில்லை. நான் உருகிப்போய் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் கத்திவிடக்கூடாது என்று அடக்கிப் பிடித்திருந்தாள், கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. நான் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.

தாய் வேலியின் கீழால் போனது. மூன்றும் பின்னால் போயின. காட்டில் இலை அசைவதும் நின்றது. இனி நான் கத்தினாலும் ஒரு சேதமும் இல்லை. அவள் கையை விடவில்லை.