அளவுக்கு ஓர் ஆள்

1960களில் கல்யாணமாகிப் பாலக்காட்டிலிருந்து பம்பாய் மாட்டுங்காவுக்கு வந்தேன். எங்கள் கட்டிடத்தில் மற்றப் பெண்களை ஞாயிற்றுக்கிழமையானால் சினிமாவுக்கு அழைத்துப் போவார்கள். என்னை இவர் இடிந்த கோட்டைக்கு அழைத்துப் போவார். இவருக்கு ஒரு கப்பல் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம், உயிர் மட்டும் கேமராவில். காடு, குன்று, பறவை, பாழடைந்த மண்டபம், எதையும் விடமாட்டார். கட்டிடம் எவ்வளவு உயரம் என்று படம் பார்ப்பவருக்குத் தெரிய, அளவுக்கு ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். அந்த ஆள் நான்.

நிற்பது லேசான காரியமில்லை. இருட்டான உள்பக்கங்களில் கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் வைத்து இரண்டு விநாடி ஷட்டரைத் திறந்து வைப்பார். அசைந்தால் படம் கலங்கிவிடும். ஒரு தடவை குகை ஒன்றில் கொசுவை அடித்துவிட்டேன். பன்னிரண்டே படம் உள்ள ரோலில் ஒன்று வீணாயிற்று என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் அவர் "ஆச்சு" என்று சொல்லும்வரை மூச்சைக்கூட மெல்லத்தான் விடுவேன்.

அன்று போனது வசாய் கோட்டைக்கு. தாதரில் விரார் ரயில் பிடித்து, வசாயில் இறங்கிக் குதிரைவண்டி வைத்துக்கொண்டு போனோம். போர்த்துக்கீசியர் விட்டுப்போன கோட்டை. கூரையில்லாத மாதா கோவிலுக்குள் ஆள் உயரத்துக்குப் புதர், சுவரெல்லாம் ஆலவேர். பட்டப்பகல்தான், ஆனால் மனுஷ சப்தமே இல்லை. உள்ளே காலை வைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் "பயந்தாங்கொள்ளி" என்பார் என்று வாயைத் திறக்கவில்லை.

ஒரு பெரிய ஜன்னல் மாடத்தை ஒட்டி என்னை நிறுத்தினார். புடவைத் தலைப்பு மாடத்தின் கல்மேல் கிடந்தது.

"கொஞ்சம் சிரிச்ச முகமா இரு" என்றார்.

சிரித்தேன். அவர் குனிந்து கேமராவின் மேலே உருவம் தெரியும் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார். ஷட்டர் சப்தம் கேட்டது. "ஆச்சு" வரவில்லை. ஃபிலிமைச் சுற்றினார், மறுபடி சப்தம். கன்னம் வலித்தது, ஆனாலும் சிரிப்பை விடவில்லை. மூன்றாவது தடவையும் கேட்டது.

பிறகு நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அசையாதே. திரும்பிப் பாக்காதே."

குரல் மாறியிருந்தது. அப்போதுதான் காதோரம் அந்தச் சீறலைக் கேட்டேன். ஊரிலுள்ள குலதெய்வத்தைக் கூப்பிட நினைத்தேன், பெயர் ஞாபகம் வரவில்லை. தோளில் தலைப்பு மெல்ல இழுபட்டது. ஏதோ கனமாக அதன்மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமென்று தெரியாது. இழுப்பு நின்றது. புதரில் சரசரவென்று சப்தம் கேட்டு அடங்கியது.

"போயிடுத்து. நல்ல பாம்பு" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கட்டிடத்தில் மூன்று மாடிக்கும் சொன்னேன். வேறு ஆளாயிருந்தால் பதறிக் கத்தியிருப்பார், நானும் திரும்பியிருப்பேன், பாம்பு போட்டிருக்கும். இவருடைய சமயோசிதத்தால் பிழைத்தேன் என்றேன். கீழ்வீட்டு மாமி தன் வீட்டுக்காரரிடமே இதைச் சொல்லிக் காட்டினாளாம்.

சனிக்கிழமை ஸ்டூடியோவிலிருந்து படங்கள் வந்தன. ஆபீஸ் போட்டோ போட்டிக்கு எதை அனுப்பலாம் என்று கேட்டு, மூன்றைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார்.

முதல் படத்தில் என் முழங்கைக்குப் பின்னால், கல்மேல் சுருண்டு கிடந்தது. இரண்டாவதில் தலையைத் தூக்கியிருந்தது. மூன்றாவதில் என் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் படம் விரித்து நின்றது. மூன்றிலும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு படம் எடுத்து, ஃபிலிமைச் சுற்றி, ஷட்டரை இழுத்து வைக்க எத்தனை நேரமாகும் என்று அவர் பெண்டாட்டியான எனக்குத் தெரியாதா?

"எப்போ பார்த்தேள்?" என்று கேட்டேன்.

"மொதல் படத்துலயே தெரிஞ்சுது." ஒளிக்கவேயில்லை. "நீ அசையமாட்டாய்னு நேக்குத் தெரியும். அந்த நம்பிக்கைதான்." மூன்றாவது படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இதையே அனுப்பட்டுமா?"

சரியென்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? அன்றிலிருந்து அவர் பக்கத்தில் படுக்க எனக்குப் பயம். பாம்புக்குப் பயம் என்றால் யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். இவரிடம் பயமாயிருக்கிறது என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? மூன்று மாடிக்கும் நானே அல்லவா சொல்லி வைத்திருந்தேன், அவர்தான் என்னைக் காப்பாற்றினார் என்று.