பேனா தாவிய இடத்தில் ஒரு கப்பல்

எண்பதுகளின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, கடலடியை அளக்கும் சிறிய நிறுவனமொன்றில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். பினாங்குத் தீவுக்கும் எதிர்க்கரையிலிருந்த பட்டர்வொர்த்துக்கும் இடையே கடலடியில் குழாய் பதிக்கப் போகிறார்கள். வழியில் பழைய குண்டோ உடைந்த கப்பலோ கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை.

அதற்கென்று ஒரு காந்தமானி இருந்தது. நீண்ட கேபிளில் கட்டிப் படகுக்குப் பின்னால் இழுத்துப் போவோம். கீழே இரும்பு இருந்தால் பூமியின் காந்த அளவு அங்கே மாறும். அந்த அளவைப் படகிலிருந்த பெட்டி ஐந்து இலக்க எண்ணாகக் காட்டும். பெட்டியிலிருந்து வரும் மின்னழுத்தம் பக்கத்து ரெக்கார்டரின் பேனாவை இடவலமாக நகர்த்த, ஓடும் காகிதத்தில் சிவப்புக் கோடு விழும்.

எங்கள் மேனேஜர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். கடலுக்கு வரும்போதும் டை கட்டியிருப்பார். உப்புத்தண்ணீர் படக்கூடாதென்று எண் காட்டும் பெட்டியைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, அதன்மேல் தன் தொப்பியையும் வைத்துவிட்டார்.

"கோடுதான் முக்கியம் தம்பி. நம்பரை எவன் பார்ப்பான்?"

நடுக்கடலில் ஓரிடத்தில், வலப்பக்கமாக மெல்ல ஏறிக்கொண்டிருந்த பேனா ஒரே தாவலில் காகிதத்தின் இடது ஓரத்துக்குப் போனது. மேனேஜர் எழுந்து நின்றார்.

"கப்பல்தான்லா இது. சண்டைக்காலத்து ஜப்பான்காரன் கப்பல்."

நானும் அப்படியே நம்பினேன். படகைத் திருப்பி அதே வழியில் வந்தோம். அதே இடத்தில் பேனா இடமிருந்து வலமாகத் தாவியது.

"பார்த்தியா, இது கப்பலோட மறுபக்கம்," என்றார்.

அன்று மாலையே செய்தி குழாய்த் திட்ட அதிகாரிக்குப் போனது. அவரிடமிருந்து அரசப் பட்டம் பெற்ற ஒரு டத்தோவுக்குப் போனது. மறுவாரம் டத்தோ தனிப்படகில் வந்து, வெறும் தண்ணீரைச் சிறிது நேரம் மரியாதையோடு பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் அழைத்துப் போயிருந்த முக்குளிப்பவர் இறங்கி, முழங்கை வரை சேற்றோடு ஏறினார்.

"ஒண்ணும் இல்லண்ணே. சேறுதான்."

"அப்ப உள்ள புதைஞ்சிருக்கு," என்றார் மேனேஜர். கப்பல் கிடைக்காததே கப்பலுக்குச் சாட்சியாகிவிட்டது.

டத்தோவின் படகு கிளப்பிய அலையில் எங்கள் படகு ஆடி, தொப்பியும் உறையும் கீழே விழுந்திருந்தன. அடுத்த ஓட்டத்தில்தான் எண்ணை முதன்முதலாகக் கவனித்தேன். கடைசி இரண்டு இலக்கங்கள் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று ஏறின. அடுத்தது இரண்டு பூஜ்யம். பேனா தாவியது. பேனாவுக்குப் போவது அந்த இரண்டு இலக்கம் மட்டும்தான். எண் நூறைத் தொட்டதும், பழைய காரின் மைல்மீட்டர்போல அது பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. காந்த அளவு ஒன்றே ஒன்றுதான் கூடியிருந்தது.

மேனேஜருக்குக் காட்டினேன். உடனே புரிந்துகொண்டார். தொப்பியை எடுத்துத் தட்டினார்.

"டத்தோகிட்ட சொல்லியாச்சு தம்பி."

"ஆனா கப்பல் இல்லையே சார்."

"சேத்தை முழுக்கத் தோண்டிப் பார்த்தியா நீ?"

மனம் ஆறாமல் செபராங் ஜெயாவிலிருந்த குழாய்த் திட்ட அதிகாரியின் அலுவலகத்துக்கு நானே போனேன். அவரும் தமிழர்தான். கோப்பி வரவழைத்து, பொறுமையாகக் கேட்டார்.

"இருக்குன்னு எழுதி இல்லாமப் போனா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுலா. இல்லன்னு எழுதி இருந்துட்டா என் வேலை போயிரும். நீ கோப்பியைக் குடி."

வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்கள். குழாய் அதைச் சுற்றி வளைந்து போயிற்று. மேனேஜரின் முன்யோசனையை விருந்து வைத்துப் பாராட்டினார்கள். நானும் கைதட்டினேன். பிரியாணி நன்றாக இருந்தது.

சில வருடங்கள் கழித்து, பாகான் டாலாம் டீக்கடையில் மீன்பிடிக்கிற ஒருவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். மீன் எங்கே அதிகம் கிடைக்கும் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"குழாய் வளையுற இடத்துலதான் தம்பி. அங்க ஜப்பான் கப்பல் கிடக்கு. முழுகுனப்ப எங்க பெரியப்பா கரையில நின்னு பார்த்தாரு."

"பெரிய கப்பலாண்ணே?"

"ரெண்டு புகைபோக்கி. ஒண்ணு சாஞ்சுதான் இருந்திச்சாம்."

அவருக்கும் சேர்த்து இன்னொரு டீ சொன்னேன். எத்தனை பேர் தப்பினார்கள் என்று கேட்டதற்கு, அதையும் யோசித்துச் சரியாகச் சொன்னார்.